அன்னத்திற்கு நாம் அளித்த சாட்சியம்

வாக்குச்சீட்டில் இடும் புள்ளடி இரகசியமானது. இட்டவனும் அவனைப் படைத்தவனுமன்றி வேறெவரும் அதனை அறியார். ஆனால், இன்ன காரணங்களால் இன்னாரை ஆதரிக்கின்றேன் என்று ஒருவன் பத்துப்பேர் நடுவே வாய் திறந்து சொல்லிவிட்டானாயின், அவன் வெறும் வாக்காளன் என்னும் நிலையைக் கடந்துவிடுகின்றான். கேட்டவர்களிற் சிலர் அவனுடைய காரணங்களைத் தம் காரணங்களாக்கிக்கொண்டு வாக்களிக்கச் செல்வர். பின்னாளில் அந்த வேட்பாளர் தவறிழைத்தால், காரணம் சொன்னவன் அவர்களுக்கு யாது மறுமொழி கூறுவது? இவ்வினா சில ஆண்டுகளாக எம்மைத் தொடர்ந்து வருகின்றது. அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹு நூலின் சாட்சியப் பாடத்தை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் எம்மையே யாரோ விசாரிப்பது போன்ற உணர்வு எழுகின்றது. ஆதலின் நடந்ததை நடந்தவாறே வாசக அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

2015ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன், ரபீஉல் அவ்வல் மாதத்து மவ்லிது மஜ்லிஸ் எமது கிழக்குக் கரையோர ஊர்ப் பள்ளிவாசலில் நிறைவெய்தித் தபர்ருக்கும் பகிர்ந்து முடிந்த வேளை. ஹவ்ழின் கரையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், “ஹஸ்ரத், இந்த முறை வெற்றிலையா, அன்னமா?” என்று கேட்டார். வெற்றிலை, பதவியிலிருந்த மகிந்த ராஜபக்ஷ அவர்களின் சின்னம். அன்னம், அவரை எதிர்த்து நின்ற மைத்திரிபால சிறிசேன அவர்களின் சின்னம். சுற்றியிருந்தோரில் எம் பழைய மாணவர் சிலரும் இருந்தனர். விடுமுறைக்கு வந்திருந்த கண்டிப் பக்கத்து மாணவர் ஒருவரும், மகனைக் காண வந்திருந்த அவருடைய வாப்பாவும் அவர்களுள் அடங்குவர். நாம் சற்றும் தயங்காது, “அன்னம்” என்றோம். ஏன் என்று வினவினர். நான்கு காரணங்களை அடுக்கினோம்.

பதவியை உதறிவிட்டு வந்தவர் என்பது முதலாவது. சுகாதார அமைச்சராகவும், ஆளும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்த ஒருவர், 2014 நவம்பர் 21ஆம் நாள் அவற்றைவிட்டு வெளியேறி எதிரணியின் பொது வேட்பாளராக நின்றது எளிய காரியமன்று. சிகரெட் பெட்டிகளில் நோயின் படத்தை அச்சிடவேண்டும் என்று அமைச்சராயிருந்தபோது அவர் பிடிவாதமாக நின்றதும், புகையிலைக் கம்பனி வழக்காடியபோதும் பின்வாங்காததும் இரண்டாவது. பொலன்னறுவையின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பகட்டில்லாதவர் என்பது மூன்றாவது. நான்காவதுதான் எம்மை மிகக் கவர்ந்தது. எந்தப் பதவிக்குப் போட்டியிட்டாரோ அந்தப் பதவியின் அதிகாரத்தையே குறைப்பேன் என்று அவர் வாக்குறுதி அளித்தார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு உருவாக்கிய நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையினால் நாடு பட்டதை நாமறிவோம். ஒருவர் இருமுறைதான் அப்பதவிக்குத் தெரிவாகலாம் என்றிருந்த வரம்பையும் 2010இல் கொண்டுவந்த 18ஆவது திருத்தம் நீக்கிவிட்டது. அதன் பயனாகவே மகிந்த அவர்கள் மூன்றாம் முறையும் களத்தில் நின்றார். அதிகாரத்தைக் கேட்பவரைக் காட்டிலும் அதனைக் கொடுத்துவிடக் கேட்பவர் மேலானவரன்றோ என்றோம். கேட்டோர் தலையசைத்தனர். எம் பேச்சு எமக்கே இனித்தது என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம்.

நான்கும் உண்மையே. எதிலும் பொய் கலக்கவில்லை. ஆயினும் நாம் அன்னத்திற்குப் புள்ளடி இட்டது இந்நான்கினாலும் அன்று.

2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராக எழுந்த கூச்சல், அம்முத்திரையை உள்நாட்டுச் சந்தையிலிருந்து உலமாக்கள் மீட்டுக்கொள்ளும்வரை ஓயவில்லை. 2014 ஜூன் 15ஆம் நாள் அளுத்கமையில் பொதுபல சேனாவின் கூட்டம் முடிந்த கையோடு, அளுத்கமை, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. அன்றிரவு எம் கல்லூரி விடுதியில் அப்பகுதிச் சிறுவன் ஒருவன், தன் உம்மாவுடன் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தவன், திடீரெனப் பேச்சு அறுந்துபோகவே, கருவியைக் காதிலிருந்து எடுக்காமல் விடியும்வரை சுவரோரம் அமர்ந்திருந்தான். மறுநாள் நண்பகலில்தான் அவள் வேறொருவர் வீட்டிற் பத்திரமாக இருக்கின்றாள் என்ற செய்தி வந்தது. அந்தச் சுவரோரம்தான் எம் வாக்கு தீர்மானமாயிற்று. அன்னத்தின் இடத்தில் வேறெந்தச் சின்னம் நின்றிருந்தாலும் அதற்கே இட்டிருப்போம். எம்முடைய காரணம் அச்சம். அச்சம் என்று சொல்ல நாணினோம். ஒரு கல்விமான் அச்சத்தினால் வாக்களிப்பதா? ஆகவே அதன்மேல் நான்கு நல்ல காரணங்களைப் போர்த்தினோம்.

தேர்தலில் மைத்திரிபால அவர்கள் 62 இலட்சத்து 17 ஆயிரத்து 162 வாக்குகள் பெற்று, ஏறத்தாழ நான்கரை இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மட்டக்களப்பு மாவட்டத்தில் நூற்றுக்கு 81க்கு மேற்பட்டோரும், எமது அம்பாறைப் பக்கத்தில் நூற்றுக்கு 65 பேரும் அவருக்கே வாக்களித்திருந்தனர். ஏப்ரல் 28ஆம் நாள் 19ஆவது திருத்தம் நிறைவேறியது. ஜனாதிபதியின் பதவிக்காலம் 6 ஆண்டிலிருந்து 5 ஆண்டாயிற்று. இருமுறை வரம்பு மீண்டது. நினைத்த மாத்திரத்தில் பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரமும் போயிற்று. எம் நான்காம் காரணம் பலித்ததென்று வகுப்பிற்கூடப் பெருமை பேசினோம்.

பின்வந்தவற்றை விரிக்க விருப்பமில்லை. ஆயினும் வரிசையாவது சொல்லவேண்டும். 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிற ஊர்களிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை 6ஆம் நாள் பிரகடனமாகும்போது தீ பல ஊர்களைக் கண்டுவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் மைத்திரிபால அவர்கள் பிரதமரை நீக்கி, எவருக்கு எதிராக நாம் அவரைத் தேர்ந்தோமோ அந்த மகிந்த அவர்களையே பிரதமராக நியமித்தார். பின்னர் பாராளுமன்றத்தையும் கலைத்தார். அக்கலைப்புச் செல்லாதென்று டிசம்பர் 13ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பிற்கு ஆதாரமாயிருந்தது அவர் காலத்தில் வந்த அதே 19ஆவது திருத்தந்தான்! 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, எம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட சிலர் செய்த பாதகத்தில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கைகள் கிடைத்திருந்தும் கடமையைச் செய்யத் தவறினார் என்று 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் மைத்திரிபால அவர்கள்மீது பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. குண்டுவெடிப்பிற்கு ஒரு மாதத்தின் பின், 2019 மே 23ஆம் நாள், நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையிலிருந்த பொதுபல சேனாவின் செயலாளர் ஞானசார தேரரை ஜனாதிபதி மன்னித்து விடுவித்தார். அச்செய்தியை நாம் கேட்டது நோன்பு மாதத்தில். அன்று இஃப்தாருக்கு அமர்ந்த எவரும் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

இதற்கு ஓராண்டு முன், 2018இன் நோன்பு மாதத்தில், அந்தக் கண்டிப் பக்கத்து மாணவர் எம்மைக் காண வந்திருந்தார். அவர் வாப்பா மௌத்தாகியிருந்தார். மார்ச் மாதத் தீயில் அவருடைய துணிக்கடை முற்றாக எரிந்துவிட்டது. பன்னிரண்டு இலட்சம் ரூபாய்ச் சரக்கு என்றார். அழவில்லை, முறையிடவும் இல்லை. பேச்சோடு பேச்சாக, “வாப்பா வெற்றிலைக்குத்தான் போட இருந்தாரு ஹஸ்ரத். நீங்க சொன்னீங்க எண்டுதான் ரெண்டு பேரும் அன்னத்துக்குப் போட்டோம்” என்றார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. அதுவே எம்மை வாட்டியது.

அன்றிரவு தராவீஹ் முடிந்து நாம் திறந்தது சாட்சியப் பாடத்தைத்தான். தேவ்பந்தில் ஓதிப் பின்னர் கராச்சியில் தாருல் உலூம் நிறுவிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1976), வாக்களிப்பதைச் சாட்சியம், பரிந்துரை, வகாலத் எனும் பிரதிநிதித்துவம் ஆகிய மூன்றின் தன்மையும் கொண்டதென்று விளக்கியுள்ளார்கள். இன்று எம் நாட்டு உலமாக்கள் பலரும் தேர்தற் காலங்களில் இதனை எடுத்துக்கூறுவர். ஆனால் சாட்சியம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றோம். சாட்சியத்திற்கு முன்னும் பின்னும் ஃபிக்ஹில் நெடிய சட்டங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, சாட்சி தன் சாட்சியத்தினின்றும் மீளுதல் பற்றியது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலை ஓதியோர் அறிவர். தீர்ப்பிற்கு முன் சாட்சி மீண்டுவிட்டால் காழி தீர்ப்பளிக்கமாட்டார். பொருள் வழக்கில் தீர்ப்பு நிறைவேறிய பின் மீண்டால், தீர்ப்பு குலையாது. ஆனால் நட்டத்தைச் சாட்சிகள் ஈடுசெய்யவேண்டும். எல்லோரும் மீண்டால் அந்த ஈடு அவர்களிடையே பங்கிடப்படும். வேண்டுமென்று பொய்யுரைத்தவன் மட்டுமன்றித் தவறிப்போனவனும் ஈடு கொடுத்தாகவேண்டும். உறக்கத்தில் புரண்டு பிறன் பானையை உடைத்தவனுக்குப் பாவமில்லை. பானையின் விலை மட்டும் உண்டு. சாட்சியின் நேர்மைக்கு நற்சான்று கூறும் ‘முஸக்கீ’ என்பவரும் தம் சான்றினின்று மீண்டால் ஈட்டிற்கு உட்படுவார் என்பதே மத்ஹபின் வலுவான கருத்து. ஹவ்ழின் கரையில் நாம் வகித்த பதவி இந்த முஸக்கீயின் பதவியே.

நற்சான்று கூற வந்த ஒருவரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று வினாக்கள் தொடுத்ததாக ஒரு செய்தி உண்டு. அம்மனிதரின் அயல்வீட்டில் வாழ்ந்ததுண்டா? அவரோடு பொற்காசு, வெள்ளிக்காசுக் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? அவரோடு பயணம் போனதுண்டா? மூன்றிற்கும் இல்லையென்றதும், அப்படியாயின் அவரை நீர் அறியீர் என்று அனுப்பிவிட்டார்களாம். எம்மை அவ்வாறு வினவியிருந்தால் யாது கூறியிருப்போம்? வேட்பாளரை நாம் கண்டது தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலுமே. அயலாரையே அறிந்துகொள்ள முடியாத இக்காலத்தில், ஒன்றரைக் கோடி வாக்காளர் ஒருவரைத் தேரும் தேர்தலில், உமர் (ரலி) அவர்களின் நிபந்தனையை எவரால் நிறைவேற்ற இயலும் என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அறியாததை அறிந்தாற்போற் சொல்லாதிருக்க எல்லோராலும் இயலும். ஹவ்ழின் கரையில் ‘அறிந்தவரையில்’ என்னும் ஒரு சொல்லை நாம் சேர்க்கவில்லை.

இன்னொரு குறையும் அன்றிரவு புலப்பட்டது. மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், நபி மூஸா (அலை) அவர்களைப் பணிக்கமர்த்துமாறு தந்தையிடம் பரிந்தபோது, அவரிடம் கண்ட இரண்டு தகுதிகளை எடுத்துரைத்தாள் என்பது திருமறை வரலாறு. வலிமை ஒன்று, நம்பகம் ஒன்று. இவ்விரண்டையும் அடிப்படையாக்கி ஆட்சிப் பொறுப்பைப்பற்றி விரிவாக எழுதியவர் இப்னு தைமிய்யா. (அவருடைய பல கருத்துக்களை எம் உஸ்தாதுமார் ஏற்றதில்லை, நாமும் ஏற்பதில்லை. இவ்விடத்தில் அவர் சொல்வதை மறுக்க வழியில்லை.) இரண்டும் ஒருவரிடம் ஒருங்கே அமைவது அரிது, ஆகவே எந்தப் பொறுப்பிற்கு எது அதிகம் வேண்டும் என்று பார்த்தே ஆளைத் தெரியவேண்டும் என்பது அவர் முடிபு. அபூதர் (ரலி) அவர்களின் வாய்மைக்கு நிகரில்லை. ஆயினும் அவர்கள் பதவி கேட்டபோது, அவர்களிடமுள்ள பலவீனத்தைச் சுட்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். எம் நான்கு காரணங்களையும் இத்தராசில் இட்டுப் பார்த்தோம். நான்கும் நம்பகத்தின் தட்டிலேயே விழுந்தன. கலகக் கும்பல் தீப்பந்தத்தோடு வரும்போது அதே இரவில் பொலிஸாரை ஏவித் தடுக்கும் திண்மை இவருக்கு உண்டா என்று நாம் எண்ணியும் பார்த்திலோம். அச்சந்தான் எம் உண்மைக் காரணம் என்றால், முதலில் கேட்டிருக்கவேண்டிய வினா அதுவன்றோ? (2019இல் நாட்டின் பெரும்பான்மையோர் மறு தட்டை மட்டும் பார்த்து, நூற்றுக்கு 52 பேர் வலிமை, வலிமை என்று கோட்டாபய ராஜபக்ஷ அவர்களைத் தேர்ந்தனர். அவர் 2022 ஜூலையில் நாட்டைவிட்டே போகவேண்டி நேர்ந்ததை உலகறியும்.)

அச்சத்தினால் வாக்களிப்பது இழிவா என்றும் சிந்தித்தோம். இழிவென்று எமக்கு இப்போது தோன்றவில்லை. பிள்ளைகளோடு ஒரு கூரையின்கீழ் உறங்குகின்றவனுக்கு, அக்கூரை எரியக்கூடாது என்பது நியாயமான காரணமே. நாணத் தக்கது அதனை ஒளித்ததுதான்.

மறுநாள் நோன்பு திறந்த பின் அம்மாணவரைத் தனியே அழைத்தோம். சாட்சியப் பாடக் கணக்கை அவரோடு போட்டுப் பார்த்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். பன்னிரண்டு இலட்சத்தை 62 இலட்சத்துச் சொச்சம் சாட்சிகளிடையே பங்கிட்டால் ஆளுக்கு இருபது சதமும் தேறாது. ஆனால் அவருக்கு நற்சான்று கூறியவர் நாம் ஒருவரே. மேலும் நேரே அழித்தவன் இருக்கையில், தூரத்துக் காரணமானவன்மீது ஈடு விழாது என்பதும் ஃபிக்ஹின் விதி. ஆக, எந்தக் காழியிடம் போனாலும் நாம் விடுதலையே. ஆயினும் எம்மால் இயன்ற ஒரு தொகையைக் காகிதத்திற் சுற்றி நீட்டினோம். அவர் அதைத் தொடவேயில்லை.

“ஹஸ்ரத், கடைய எரிச்சது நீங்களா?” என்றார்.

“இல்லை மகன். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைத்தோம்” என்று, சுவரோரம் அமர்ந்திருந்த அச்சிறுவனின் கதையைச் சொன்னோம்.

அவர் சிரித்தார். “அது எங்களுக்குத் தெரியும் ஹஸ்ரத். எங்களுக்கும் அதுதானே. வாப்பாவுக்கும் அதுதான்.” சற்று மௌனமாயிருந்துவிட்டு, “ஆனா நீங்க அத வாயால சொல்லியிருந்தா, வென்ற பிறகு அவர்ட்ட என்ன கேக்கணும் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

கடை வைத்திருக்கும் இளைஞர் சொன்ன இச்சொல்லை எந்தக் கிதாபிலும் நாம் ஓதியதில்லை. உண்மை அதுவே. வெற்றிக்குப் பின் எம் ஊரில் நடந்த கூட்டங்களில் 19ஆவது திருத்தம் பற்றிப் பேசினோம். சிகரெட் பெட்டிப் படம் பற்றியும் பேசினோம். அளுத்கமையில் எரித்தவர் யார், அவர்கள்மீது வழக்கு எந்த மட்டில் நிற்கின்றது, இனியொரு முறை நேர்ந்தால் யார் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்று எம்மைத் தேடி வந்த அரசியல் பிரமுகர் எவரிடத்தும் ஒரு முறையேனும் கேட்டோமில்லை. அது எம் வாக்கிற்கான காரணமென்று நாமே சொல்லாதபோது எந்த முகத்தோடு கேட்பது? நான்கு காரணங்களுக்கு வாக்களித்தோம் என்றோம். அவற்றில் நான்காவது கிடைத்தது. கணக்கு முடிந்ததென்று அவர்கள் கொண்டார்கள்.

2024 செப்டம்பர் 21ஆம் நாள் மீண்டும் ஒரு ஜனாதிபதித் தேர்தல் வந்தது. 38 பேர் போட்டியிட்டனர். அதற்கு இரண்டு நாள் முன்னதாக அம்மாணவர் தொலைபேசியில் அழைத்து, “ஹஸ்ரத், இந்த முறை யாருக்கு?” என்றார். எம் மனம் ஒருகணம் துணுக்குற்றது. பின்னர் முதலில் அச்சத்தைச் சொன்னோம். 2020ஆம் ஆண்டிலிருந்து 2021 பெப்ரவரிவரை, கொரோனாவில் மரித்த எம் ஜனாஸாக்களைக் குடும்பத்தார் கதறக் கதற எரித்தார்களே, அது போன்ற ஓர் ஆணை இன்னொரு முறை வந்தால் அதில் கையெழுத்திட மறுப்பவர் யார் என்பதே எமக்கு முதற் கேள்வி என்றோம். அடுத்து அறிந்ததையும் அறியாததையும் பிரித்துச் சொன்னோம். வேட்பாளர்களுள் எவரோடும் பயணம் போனதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டோம். எம் நாட்டு வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசைப்படுத்தலாம் அல்லவா? முதல் தேர்தல் நடந்த 1982இலிருந்து அவ்வசதி இருந்தும், அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. உறுதியான அறிவு, மிகைத்த எண்ணம், ஐயம் என்று நாம் வகுப்பிற் பிரித்துப் பாடம் நடத்துவதற்கு அச்சீட்டு எவ்வளவு பொருத்தம் என்பதையும் சொன்னோம். (அத்தேர்தலில்தான் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ணும் நிலை ஏற்பட்டது என்பது பின்னர் நடந்த வேடிக்கை.) கடைசியாக எம் மனம் சாய்ந்த பெயரையும் சொன்னோம். அப்பெயரை ஈண்டு எழுதவில்லை. அவ்வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கின்றது.

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. கடையில் யாரோ விலை கேட்பதும், அவர் பொறுக்கச் சொல்வதும் கேட்டது. பின்னர், “கோவிச்சுக்காதீங்க ஹஸ்ரத். நீங்க சொன்ன அந்த முதல் கேள்வியவே வச்சுப் பாத்தா, நீங்க சொல்ற ஆள் எனக்குச் சரிவரல்ல. நான் வேற ஆளுக்குத்தான் ஒண்டு போடுவேன். உங்கட ஆளுக்கு ரெண்டு போடுறேன்” என்றார்.

போடுங்கள் மகன் என்றோம். ஸலாம் சொல்லி அவர் தொலைபேசியை வைத்த பின்பும் நாம் அக்கருவியைக் கையிலேயே வைத்திருந்தோம். உள்ளிருந்து எம் வீட்டார், “ஆரு பேசினது? முகத்தில இவ்வளவு சந்தோசம்?” என்று கேட்டார்.